பட்டாளத்துக்காரர் வாட்ச்

பாய்,

நேற்று சாயங்காலம் ஒரு பேங்க் ஆபீசர் வீட்டுக்கு வந்திருந்தார். சேலத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம். பழைய வாட்ச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறார். யாரோ என் பேரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்து, "ஒரிஜினலா சார்? எவ்வளவு போகும்?" என்று கேட்டார். இந்தப் பித்து புதிதாகப் பிடித்த எல்லோரும் கேட்கிற இரண்டு கேள்விகள். நாமும் இவற்றைத்தான் கேட்டோம்.

கத்தி முனையால் பின்மூடியை நெம்பினேன். திறந்ததும் அந்த வாடை வந்தது. உங்களுக்குத் தெரியும் அது. வியர்வையும் பித்தளையும் காய்ந்துபோன எண்ணெயும் சேர்ந்து, லேசாகப் புளித்த வாடை. ஒரே ஆள் பல வருஷம் கையில் கட்டியிருந்த வாட்ச்சில் மட்டும்தான் வரும். மூடியை அழுத்தி மூடி அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். "தலை வலிக்குது சார், இன்னொரு நாள் வாங்க" என்றேன். பாவம், என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் போனார்.

அவர் போன பிறகு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நீங்கள் போனபிறகு நான் செய்தது ஒன்றும் இருக்கிறது.

நாம் பழகியதே நான் ஏமாந்த ஒரு வாட்ச்சால்தான். எமர்ஜென்சி முடிந்த வருஷம். நான் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட். பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் "ஸ்விஸ் சரக்கு சார், தங்க முலாம்" என்று காட்ட, நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடி போட உங்கள் கடைக்கு வந்தேன். தேரடி வீதியில் அந்த ஒடுக்கமான கடை. நீங்கள் என் கண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் என் மணிக்கட்டைப் பார்த்தீர்கள். "சார், தப்பா நினைக்காதீங்க, ஒரு நிமிஷம் கழட்டுங்க" என்று வாங்கி, லென்ஸை வைத்து டயலைப் பார்த்தீர்கள். அப்புறம் லென்ஸை என்னிடம் நீட்டினீர்கள். கம்பெனிப் பெயரின் எழுத்துகள் ஒன்று பருத்தும் ஒன்று இளைத்தும், தடுமாறிக்கொண்டு நின்றன. நிமிஷக் கோடுகள் ஓரத்தில் கோணலாக இருந்தன.

"யாரோ பிரஷ் வச்சு எழுதியிருக்கான் சார். எனக்கு வாட்ச் தெரியாது, ஆனா சின்ன எழுத்து தெரியும். நாள் பூரா அதத்தான ஜனங்கள படிக்கச் சொல்றேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. "வாங்க, உள்ளயும் பாத்துடுவோம்" என்று மூக்குக் கண்ணாடித் திருகு முடுக்கும் சின்னத் திருப்புளியால் மூடியைத் திறந்தீர்கள். டயலில் ஒரு பெயர், உள்ளே மெஷினில் வேறு பெயர். இரண்டு செத்த வாட்ச்சைச் சேர்த்து ஒரு வாட்ச் செய்திருந்தான். அன்றைக்கு நீங்கள் சொன்னதுதான் பிறகு நம் பாடமாக ஆனது: "மூஞ்சிய பாத்து வாங்காதீங்க சார். முதுக பாருங்க, வயித்த பாருங்க, கடைசியா மூஞ்சிய பாருங்க."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கிளம்பிவிடுவோம். கீழ்பென்னாத்தூர், போளூர், வேட்டவலம். அடகுக் கடை, பழைய சாமான் கடை, பென்ஷன் வாங்கும் கிழவர்களின் வீடு. நமக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. தப்பு செய்து, தப்பு செய்துதான் தெரிந்துகொண்டோம். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று போட்டிருந்தால் பின்மூடி மட்டும்தான் ஸ்டீல், மற்றதெல்லாம் பூச்சு என்பது நாற்பது ரூபாய் போன பிறகு தெரிந்தது. புத்தம் புதிதாகப் பளபளக்கிற டயலைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும், பழுத்துப்போன டயலைக் கண்டால் சந்தோஷப்பட வேண்டும் என்பது இன்னொரு நாற்பது ரூபாய்க்குப் பிறகு. ரிப்பேர்க்காரர்கள் பின்மூடியின் உள்பக்கம் ஊசியால் தங்கள் அடையாளத்தைக் கீறி வைப்பார்கள் என்பதை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். ஊர், மாதம், ஒரு எண். ஒரு வாட்ச் எங்கெங்கே போய்வந்தது என்பதை அந்தக் கீறல்களைப் படித்தே சொல்ல ஆரம்பித்தீர்கள். எனக்கு விலைமேல் கண். உங்களுக்கு அது யார் கையில் இருந்தது என்பதன்மேல் கண். அப்போது அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மறு வருஷம் கோர்ட்டில், உரிமை கோராத பொருள்களை ஏலம் விட்டார்கள். நீங்கள் கடையை விட்டு வர முடியவில்லை. நான் பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். துருப்பிடித்த சைக்கிள்கள், குடைகள், பித்தளைச் செம்புகள் நடுவே ஒரு தகர டப்பாவில் மூன்று வாட்ச். இரண்டு குப்பை. மூன்றாவதைப் பார்த்ததும் குடைகளைப் புரட்டுவதுபோல நின்றுகொண்டேன். மூன்றையும் சேர்த்து இருபத்திரண்டு ரூபாய்க்கு எடுத்தேன். ஓடவில்லை என்பதால் யாரும் போட்டிக்கு வரவில்லை.

உங்கள் கடைக்கு ஓடி வந்தேன். நீங்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு லென்ஸை எடுத்தீர்கள். வெந்தய நிறத்துக்குப் பழுத்திருந்த டயல். எழுத்து ஒன்றுகூடத் தடுமாறவில்லை. முள் இரண்டும் அதே வயசு. ஆறு மணி இடத்தில் விநாடிக்குத் தனி வட்டம். பின்னால் அழுக்கைத் துடைத்ததும் ஒரு அம்பு முனையும் கீழே எண்களும் தெரிந்தன. இரண்டாம் உலக யுத்தத்தில் பட்டாளத்துக்குக் கொடுத்த வாட்ச். டயலில் இருந்த பெயரேதான் உள்ளே மெஷினிலும். நாம் ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது இதுதான். நான் குதிக்காத குறை.

நீங்கள் குதிக்கவில்லை. பட்டையில் நூல் போட்டுக் கட்டியிருந்த அட்டைச் சீட்டைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தீர்கள். நான் அதைப் படித்திருந்தேன், படிக்காததுபோல இருந்தேன். 'கிரிவலப் பாதை, அடி அண்ணாமலை அருகில், அடையாளம் தெரியாத ஆண் பிரேதம்.' நாலு வருஷத்துக்கு முந்தின கார்த்திகை மாதம். தீபக் கூட்டத்தில் யாரோ ஒரு ஆள் புளியமரத்தடியில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே போயிருக்கிறார்.

நீங்கள் உதட்டுக்குள் ஏதோ ஓதினீர்கள். பிறகு பின்மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தீர்கள். உள்பக்கம் வரிசையாக ஏழெட்டுக் கீறல். எல்லாமே ஒரே கை எழுதியது. எல்லாவற்றிலும் 'ஆரணி'.

"சார், ஒரே ரிப்பேர்க்காரர்கிட்ட வருஷா வருஷம் போயிருக்காரு. அவருக்கு ஆளத் தெரிஞ்சிருக்கும்."

"இது எவ்வளவு போகும் பாய்?"

"விலைய அப்புறம் பாப்போம் சார். மொதல்ல ஆளப் பாப்போம்."

மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் ஏதேதோ சாக்குச் சொன்னேன். மாமனார் வருகிறார், ஆபீஸில் ஜமாபந்தி வேலை ஜாஸ்தி என்று. அதற்குள் மாதாமாதம் கோயிலுக்கு வரும் மெட்ராஸ் பழைய வாட்ச் வியாபாரி ஒருவரை லாட்ஜில் போய்ப் பார்த்து, வாட்ச்சைக் காட்டியும் விட்டேன். அவர் அதைக் கீழே வைக்கவே இல்லை. "ஆயிரத்து இருநூறு, இப்பவே தரேன்" என்றார். என் இரண்டு மாதச் சம்பளத்தைவிட ஜாஸ்தி. இது உங்களுக்குத் தெரியாது. நாலாவது ஞாயிறு நீங்களே என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். தப்ப வழியில்லை.

ஆரணியில் கடை கடையாகக் கேட்டுப் போனோம். அந்த ரிப்பேர்க்காரர் வாட்ச்சைக் கையில் வாங்கியதும், மூடியைத் திறக்காமலே சொல்லிவிட்டார். "இது பட்டாளத்துக்காரரோடது. பர்மா சண்டைக்குப் போய் வந்தவரு. வருஷத்துக்கு ஒருதரம் எண்ணெய் போட வருவாரு. நாலஞ்சு வருஷமா ஆளக் காணோமேன்னு நெனச்சேன்." பேசிக்கொண்டே அதைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டார். நாலு வருஷம் தகர டப்பாவில் கிடந்தது ஓட ஆரம்பித்தது. அவர் இன்னொன்றும் சொன்னார். "தெனம் காலையில வூட்டம்மாதான் இதுக்கு சாவி குடுப்பாங்களாம். முழுசா இறுக்கிட்டு அரைச் சுத்து பின்னால விடுவாங்களாம், ஸ்பிரிங் நோவக்கூடாதுன்னு. எம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலியேடான்னு என்னையே கிண்டல் பண்ணுவாரு."

ஊர்ப் பெயரை அவர் சொல்ல, அன்று மத்தியானமே போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடந்தோம். இரண்டு பக்கமும் கடலைக்காடு; மல்லாட்டை பிடுங்கிப் போட்டிருந்தார்கள். ஓட்டு வீடு. அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நாம் திருவண்ணாமலைக்காரர்கள் என்றதுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"உள்ள வாங்க, உள்ள வாங்க. எங்க வூட்டுக்காரரு அங்கதாங்க இருக்காரு. சாமியாராப் பூட்டாரு. எதுனா சேதி குடுத்துவுட்டாரா?"

பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வருகிறாராம். ஒவ்வொரு தாடிக்காரச் சாமியார் முன்னாலும் நின்று, முகத்தைப் பார்த்து, காசு போட்டுவிட்டு அடுத்தவரிடம் போவாராம். "காவி கட்டிக்கினு அடி அண்ணாமலைகிட்ட ஒக்காந்திருந்தாருன்னு எங்க ஊரு ஆளு ஒருத்தரு கண்ணால பாத்தாருங்க" என்றார். அவருடைய மகன், முப்பது வயது இருக்கும், உள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

 நீங்கள்தான் வாட்ச்சை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினீர்கள். "இது உங்க வூட்டுக்காரரோடதாம்மா? பாருங்க."

அவர் வாங்கினார். பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு மகனை ஏறிட்டுப் பார்த்தார். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. சட்டென்று திரும்பி மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டான். அவன் போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அந்த அம்மா சொன்னார்:

"இது அவுருது இல்லீங்க."

"நல்லாப் பாருங்கம்மா."

"இல்லீங்க. அவுரு வாட்ச்சு வேற." வாட்ச்சைப் பார்த்தபடியே, "இதக் கட்டியிருந்தவரு எங்க?" என்று கேட்டார்.

"தவறிட்டாரும்மா. நாலு வருஷம் ஆச்சு. யாருன்னு தெரியாம அடக்கம் பண்ணிட்டாங்க."

"ஐயோ பாவம்" என்றார். "எந்த வூட்டு மனுஷரோ."

திருப்பிக் கொடுக்குமுன் அவர் விரல்கள் சாவியைப் பிடித்துத் திருகின. பேச்சு வேறெங்கோ இருக்க, விரல் தன்பாட்டுக்குத் திருகியது. பத்துப் பன்னிரண்டு சுற்று. இறுகியதும் நின்றது. அரைச் சுற்று பின்னால் விட்டது. வாட்ச்சை உங்கள் கையில் வைத்தார். நம் இருவரையும் உட்கார வைத்துச் சோறு போட்டார். நீங்கள் சாப்பிட்டீர்கள். எனக்கு இறங்கவில்லை. கிளம்பும்போது உங்கள் கடை இருக்கும் இடத்தை அவரிடம் சொல்லிவைத்தீர்கள்.

பஸ்ஸில் நான்தான் முதலில் பேசினேன். "அவங்களே இல்லைன்னுட்டாங்களே பாய். இனிமே நாம என்ன பண்ண முடியும்?" என் குரலில் இருந்த நிம்மதி எனக்கே கேட்டது. நீங்கள் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டீர்கள்: "சாவி குடுத்தாங்களே, பாத்தீங்களா சார்?"

"பாக்கலையே" என்றேன்.

பார்த்தேன் பாய். அரைச் சுற்று பின்னால் போனதையும் பார்த்தேன். உயிரோடு இருந்த வரைக்கும் உங்களிடம் இதைச் சொல்லவில்லை.

இறங்கும்போது நீங்கள் கேட்டது ஒன்றுதான். "கொஞ்ச நாள் வச்சிருங்க சார். அந்தம்மா வருவாங்க." சரி பாய் என்றேன். தை மாதம் அந்த மெட்ராஸ்காரர் மறுபடி வந்தார். இன்னும் நூறு சேர்த்துத் தருகிறேன் என்றார். கொடுத்துவிட்டேன். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்த அம்மாவின் முகம் வருகிறது, அதனால்தான் கொடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பணத்தில் வேறு நாலு வாட்ச் வாங்கினேன். அவற்றை உங்களிடம் காட்டினேன். பணம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை.

பங்குனிப் பௌர்ணமி அன்று உச்சிவெயிலில் நீங்கள் தாலுகா ஆபீசுக்கு வந்தீர்கள். அத்தனை வருஷத்தில் நீங்கள் அங்கே வந்தது அந்த ஒருநாள்தான். என் டைப்ரைட்டருக்கு முன்னால் வந்து நின்று, மூச்சு வாங்க, ஏறக்குறைய சந்தோஷமாகச் சொன்னீர்கள்: "சார், அந்தம்மா வந்திருக்காங்க. கடையில உக்கார வச்சிருக்கேன். வாட்ச்ச எடுத்துக்கிட்டு வாங்க."

"வித்துட்டேன் பாய்."

"எப்போ?"

"தை மாசம்."

திட்டியிருக்கலாம். நீங்கள் என் மேஜைமேல் இருந்த கார்பன் பேப்பரையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அப்புறம், "வாங்க, போலாம்" என்றீர்கள். தேரடி வரைக்கும் நீங்கள் முன்னால், நான் பின்னால். வெயிலில் தார் இளகிக் கிடந்தது. 

அந்த அம்மா உங்கள் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் குங்குமம் அப்படியேதான் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். அதை நான் மறக்க முடியாது.

"அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேங்க. மன்னிச்சுக்கணும்" என்று ஆரம்பித்தார். "அது அவுரு வாட்ச்சுதான். அவுரு வூட்ட வுட்டுப் போன அன்னைக்கு எம் புள்ள அவர அடிச்சுட்டாங்க. நெலத்தப் பத்தின பேச்சு. பெத்த அப்பன கை நீட்டி அடிச்சுட்டான். அவுரு ஒண்ணும் சொல்லல. செருப்ப மாட்டிக்கினு போனாரு. சாமியாரா எங்கியோ நல்லா இருக்காருன்னுதான் எம் புள்ள உசுரோட இருந்தான். அன்னைக்கு ஆமான்னு நான் சொல்லியிருந்தா அவன் கிணத்துல குதிச்சிருப்பான். அவன் மூஞ்சியப் பாத்தீங்க இல்ல?"

நீங்கள் தலையாட்டினீர்கள்.

"இப்ப அவனே சொல்றான். அம்மா, அது அப்பாவோடதுதான், எனக்கும் தெரியும். போயி வாங்கிக்கினு வா, காரியம் பண்ணிடலாம்னு. அவனுக்கு உங்க முன்னால வர்றதுக்கு மூஞ்சி இல்ல. ஒடம்புதான் இல்ல. அவுரு கையில இருந்தத வச்சாவது பண்ணலாம்னு பாத்தோம்." கையை நீட்டினார். "குடுங்க."

 என்னைப் பார்த்தபடியே அந்தக் கை நீண்டிருந்தது. அப்போது நீங்கள் குறுக்கே வந்தீர்கள்.

"நாங்க அத வித்துட்டோம்மா."

நாங்க என்றீர்கள். உங்களுக்கு அதில் ஒரு பைசா பங்கு இல்லை. விற்றது ஐந்து நிமிஷம் முன்னால்தான் உங்களுக்குத் தெரியும். விற்காதே என்று கேட்டுக்கொண்ட ஆள் நீங்கள். நான் உங்களைத் திருத்தவில்லை. ஆமாம் என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த அம்மா கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். "அப்ப எத வச்சுப் பண்றது?" என்று கேட்டார். நம்மைக் கேட்ட மாதிரி இல்லை.

அவரை இடுகாட்டுக்கு அழைத்துப் போனது உங்கள் யோசனைதான். ஆட்டோவில் நீங்கள் முன்னால் டிரைவரோடு ஒண்டிக்கொண்டீர்கள். அனாதைப் பிணங்களைப் புதைக்கும் மூலை எதுவென்று காவல்காரரைக் கேட்டீர்கள். அவர் கையை அகலமாக வீசி, "இப்படித்தான், இந்தப் பக்கம் பூரா" என்றார். வேலிக்காத்தான் மண்டிய மேட்டு நிலம். கல் இல்லை, குச்சி இல்லை. ஒரு இடம் என்று சொல்ல எதுவுமே இல்லை. அந்த அம்மா நடுவில் போய் நின்று நாலு பக்கமும் பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பி அழுவது என்று தெரியாமல் நின்றார் பாய். பிறகு குனிந்து, கையால் மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டார். அங்கேயே உட்கார்ந்து, முந்தானை ஓரத்தால் நெற்றிக் குங்குமத்தைத் தானே துடைத்தார். அதைச் செய்ய ஊரில் நாலு பெண்கள் கூடியிருக்க வேண்டும். ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரும் ஒரு டைப்பிஸ்ட்டும்தான் பக்கத்தில் இருந்தோம். மலை பின்னால் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பஸ் ஏற்றிவிட்டு வந்த மறுநாள் நீங்கள் மெட்ராஸ் போனீர்கள். நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றீர்கள். இரண்டு தரம் போனீர்கள். அந்த வியாபாரி அதை ஒரு வெளிநாட்டுக்காரனிடம் விற்றுவிட்டிருந்தார். ஆள் கப்பலோ விமானமோ ஏறிப் போய்விட்டான். நான் எந்த மெஷினைப் பார்த்து, எந்த எண்ணைப் படித்து, இது அபூர்வம் என்று கண்டுபிடித்தேனோ, அவனும் அதையே கண்டுபிடித்திருக்கிறான்.

அதன்பிறகு ஆறேழு வருஷம் நீங்கள் இருந்தீர்கள். என்னோடு பேசாமல் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தீர்கள், ரம்ஜானுக்குக் கஞ்சி அனுப்பினீர்கள், என் பெண்ணுக்குக் கண்ணாடி போட்டுவிட்டுக் காசு கம்மியாக வாங்கிக்கொண்டீர்கள். ஆனால் நான் ஒரு வாட்ச்சைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைத்தால், லென்ஸ் பக்கத்திலேயே கிடக்கும், எடுக்க மாட்டீர்கள். "நல்லா இருக்கு சார்" என்பீர்கள். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைப் பயணங்கள் நின்றுபோயின. நான் தனியாகப் போனேன். தனியாக வாங்கினேன். இன்று என்னிடம் அறுபதுக்கு மேல் இருக்கிறது. வேலூர், மெட்ராஸிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து விலை கேட்கிறார்கள். எது போலி எது அசல் என்பதில் நான் தவறுவதில்லை.

இனி, நீங்கள் போனபிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். போன ஐப்பசியில் அந்த ஊருக்குப் போனேன். விற்றது நான், பாய்க்கு அதில் சம்பந்தமே இல்லை என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. செத்துப்போன உங்கள் பேரில் என் தப்பு கிடக்கிறதே என்று. பஸ்ஸில் போகும்போதே வாக்கியங்களைத் தயார்செய்து வைத்திருந்தேன்.

அவர் மிகவும் தளர்ந்துவிட்டார். முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். மகன் கழனியில் இருந்தான். என்னை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. நான் உட்காருவதற்கு முன்பே கேட்டார்: "அந்த பாய் எப்படி இருக்காருங்க?"

சொன்னேன். உரிக்கிற கை நின்றது.  "ஒடம்புக்கு என்னா?" "சர்க்கரை. கடைசியில காலு எடுக்க வேண்டியதாப் போச்சு." "அவுரு வூட்டம்மா?" "இருக்காங்க. மச்சான் கடையப் பாத்துக்கிறாரு."

பிறகு நான் தயார்செய்ததைச் சொன்னேன். பாதியிலேயே அவர் நிறுத்திவிட்டார்.

"தெரியுங்க."

"என்ன தெரியும்?"

"வித்தது நீங்கன்னு. அன்னைக்கே தெரியும். உள்ள வந்தப்பவே உங்க மூஞ்சியில எழுதியிருந்துச்சே. அவுரு 'நாங்க'ன்னாரு. அப்படிச் சொன்ன மனுஷர் எதிர்ல நான் இன்னாத்தக் கேக்கறது? வாய மூடிக்கினேன்."

"அது அவர் தப்பு இல்லம்மா. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"அவுரு சொன்னத நீங்க எதுக்கு மாத்தறீங்க? அவுரே போயிட்டாரு, வுடுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் அதற்குமேல் என்னைப் பார்க்கவும் இல்லை. மறுபடி உரிக்க ஆரம்பித்தார். கிளம்பும்போது ஒரு பை நிறைய மல்லாட்டை கட்டிக் கொடுத்தார். "இது பாய் வூட்டுக்கு" என்றார். எனக்கு என்று எதுவும் தரவில்லை. நான் எதிர்பார்த்துப் போனது திட்டோ மன்னிப்போ, எனக்கே தெரியாது. இரண்டும் கிடைக்கவில்லை.

பையை அன்றே உங்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று உங்கள் வீட்டில் கேட்டார்கள். ஆரணிப் பக்கம் தெரிந்தவர்கள் என்றேன். உண்மையைச் சொன்னால் முழுதும் சொல்ல வேண்டும். அன்றும் எனக்குத் தைரியம் வரவில்லை.

இவ்வளவுதான் பாய். நீங்கள் எனக்காகச் சொன்ன அந்த வார்த்தையை எடுத்துவிட்டு என் பேரைப் போட்டுவிடலாம் என்று அவ்வளவு தூரம் போனேன். கேட்டுக்கொள்ள வேண்டியவர் கேட்டுக்கொள்ளவில்லை. உங்களிடம் சொல்லலாம் என்றால் நீங்கள் இல்லை. அந்த 'நாங்க' இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அதில் நான் ஒருவன்தான் மிச்சம்.